மிதக்கும் வீட்டில் ஒரு குடும்பம்

மாற்றல் உத்தரவு வந்ததும் சாமான்களைக் கட்டுவது நம்மைப் போல் வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிதல்ல. ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நான் எட்டு முறை குவார்ட்டர்ஸ் மாறியவன். ஆனால் பதினைந்து நாளைக்கு ஒரு முறை வீட்டையே ஓட்டிக்கொண்டு இடம் மாறுகிறவர்களை இங்கிலாந்தில்தான் பார்த்தேன். லண்டனில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, கால்வாய்க் கரையில் தினமும் நடக்கப் போவேன். அங்கே படகில் குடியிருக்கும் ஓர் ஆங்கிலேயக் குடும்பம் பழக்கமாயிற்று. கணவன், மனைவி, 10 வயதுப் பெண், 6 வயதுப் பையன். அவர்களிடம் கேட்டும் கண்டும் அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

ரயில் ஏற்றிய குடும்பங்கள்

இங்கிலாந்தில் 1761இல் பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் வழியாக மான்செஸ்டருக்கு நிலக்கரி போகத் தொடங்கியது. பிறகு நாடெங்கும் கால்வாய்கள் வெட்டப்பட்டன. 1830க்குப் பின் ரயில் வந்தது. போட்டியில் படகுக் கூலி குறைந்தது. வீட்டு வாடகையும் உதவியாளுக்குச் சம்பளமும் கொடுக்க முடியாத படகோட்டிகள் பலர் மனைவி மக்களைப் படகிலேயே ஏற்றிக்கொண்டார்கள். ஏறத்தாழ 10 அடிக்கு 7 அடி அறையில் ஒரு குடும்பமே வாழ்ந்தது. இதை ஒழுங்குபடுத்த 1877இல் சட்டம் வந்தது. லாரிகள் பெருகியதும், 1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடந்ததும் சரக்குப் படகுத் தொழிலை ஏறக்குறைய முடித்துவிட்டன. இன்று படகில் வாழ்கிறவர்களில் சிலர் அந்த வாழ்க்கையை விரும்பி வந்தவர்கள்; சிலர் வீட்டு வாடகைக்குப் பயந்து வந்தவர்கள்.

படகின் அமைப்பு

நமக்கு ரயிலில் கேஜ் எப்படியோ, அவர்களுக்கு 'லாக்' அப்படி. மேடு பள்ளத்தைக் கடக்கப் படகை ஏற்றி இறக்கும் நீர்த்தொட்டி அது. பழைய குறுகிய லாக்குகளின் அகலம் சுமார் 7 அடி. அதனால் படகின் அகலம் 6 அடி 10 அங்குலம்தான். நான் பார்த்த படகின் நீளம் 57 அடி. நம் ரயில் பெட்டியைவிடக் குறைந்த நீளம், அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அகலம். அடித்தகடு 10 மி.மீ., பக்கத்தகடு 6 மி.மீ. எஃகு. வேகம் மணிக்கு 4 மைலுக்கு மேல் கூடாது. குடிநீரைத் தொட்டியில் பிடித்துவைக்க வேண்டும். மின்சாரம் சூரியத் தகட்டிலிருந்தும் என்ஜினிலிருந்தும் பாட்டரிக்குப் போகிறது. கழிவறைத் தொட்டியை அதற்கென்று உள்ள இடத்தில் போய்க் காலி செய்ய வேண்டும்.

பதினான்கு நாள் விதி

1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிரந்தரக் கட்டுத்துறை இல்லாத படகு ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. தக்க காரணம் இருந்தால் மட்டும் சலுகை உண்டு. இரண்டு இடத்துக்கு நடுவே போய்வந்து கொண்டிருந்தாலும் போதாது; மெய்யாகவே பயணம் செய்ய வேண்டும். இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களில் பெரும்பகுதியை 2012 முதல் 'கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட்' என்ற அறக்கட்டளை நிர்வகிக்கிறது. கட்டுத்துறை இல்லாத படகுகளுக்கு லைசென்ஸ் கட்டணத்தோடு 2024 ஏப்ரல் முதல் 5 சதவீதம் கூடுதலாக வாங்குவதென்றும், படிப்படியாக உயர்த்தி 2028இல் 25 சதவீதம் ஆக்குவதென்றும் அது அறிவித்தது.

எதிரே நிற்கும் மாற்றங்கள்

கட்டண உயர்வைவிட அந்தத் தாயைக் கவலைப்பட வைத்தது மகளின் படிப்பு. அங்கே 11 வயதில் உயர்நிலைப் பள்ளிக்கு மாற வேண்டும். விண்ணப்பத்தை முந்தைய ஆண்டு அக்டோபர் 31க்குள் கொடுத்துவிட வேண்டும். பல பள்ளிகளில் வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம் பார்த்துத்தான் இடம் தருகிறார்கள். நகரும் வீட்டுக்கு எங்கிருந்து அளப்பது? நிரந்தரக் கட்டுத்துறை வாங்கலாமென்றால், எல்லாத் துறையிலும் குடியிருக்க அனுமதி கிடையாது. அனுமதி உள்ள இடத்துக்கு வாடகை அதிகம்.

அவர்கள் பதறவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார்கள். தூரத்தை எப்படிக் கணக்கிடுவீர்கள் என்று கல்வி அலுவலகத்துக்கு எழுதி, பதிலை வாங்கி வைத்தார்கள். குடியிருப்பு அனுமதியுள்ள துறை ஒன்றில் காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுத்தார்கள். தபாலுக்கு உறவினர் முகவரி. மருத்துவரிடம் பதிவு செய்ய அந்நாட்டில் முகவரிச் சான்று கட்டாயமில்லை. ஆகவே குடும்ப மருத்துவரை மாற்றாமல் வைத்துக்கொண்டார்கள்.

படகை விற்க நேர்ந்தாலும், தொடர்ந்து காப்பீடு செய்தாலும் தகட்டின் கனம் தெரிய வேண்டும். கோடையிலேயே படகைக் கரையேற்றி, அல்ட்ராசோனிக் கருவியால் அளந்து, அடியில் தார்ப்பூச்சும் கொடுத்தார்கள். தண்டவாளத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கண்டுபிடிக்க நாங்கள் பயன்படுத்துவதும் இந்த அல்ட்ராசோனிக் முறைதான் என்று சொன்னபோது, அந்தக் கணவர் என்னைப் பாதி உறவினராகவே ஏற்றுக்கொண்டார்!

குளிர்காலத்துக்குத் தனி ஏற்பாடு. நவம்பரிலிருந்து மார்ச் வரை பழுதுபார்க்கப் பல லாக்குகளை மூடுவார்கள். எது எப்போது மூடும் என்று முன்பே பட்டியல் வெளிவரும். அதைப் பார்த்து, பள்ளியிருக்கும் பக்கத்தில் மாட்டிக்கொள்ளும்படி பயணத்தை வகுத்தார்கள். அடுப்புக்கு நிலக்கரி, கார்பன் மோனாக்சைடு நச்சுப்புகையை அறிவிக்கும் கருவி இரண்டும் தயார்.

நமக்கு என்ன?

நம் ரயில்வேயில் மாற்றலான ஊழியர் பிள்ளையின் படிப்புக்காகக் கல்வியாண்டு முடியும்வரை பழைய குவார்ட்டர்ஸை வைத்துக்கொள்ள விதி உண்டு. ஆனால் உரிய காலத்தில் விண்ணப்பித்தவருக்குத்தான் அது கிடைக்கும். பள்ளிச் சான்று, ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு, மருத்துவக் குறிப்பு எல்லாம் மாற்றல் வந்த பிறகு தேடினால் ஆறு மாதம் ஓடிவிடும். வீடு எங்கே போனாலும் போகட்டும். எதையெல்லாம் அசையவிடக் கூடாது என்று ஒரு தாளில் முன்கூட்டியே எழுதிவைப்பது நல்லது. அந்தப் படகில் அப்படியொரு தாள் சமையல் மேடைக்கு மேலே ஒட்டப்பட்டிருந்தது. அதன் முதல் வரி, அந்தப் பெண்ணின் பள்ளி.