பெருமாள் காசு... துரை அச்சு!

சிவகாசிக்குப் போய் 'லட்சுமி வெடி' கேளுங்கள். லேபிளில் மகாலட்சுமி சிரிப்பாள். "சாமி படத்தைப் போய்க் கொளுத்தலாமாப்பா?" என்று தீபாவளிக்குத் தீபாவளி ஒரு பெரியவராவது கேட்டுவிடுவார். கடைக்காரர் பதில்: "படம் இல்லேன்னா, இது டூப்ளிகேட்டாங்கிறாங்களேண்ணே!"

காசு அடித்த வெள்ளைக்காரனுக்கும் இதே தலைவலிதான்.

1639-ல் சென்னைக் கடற்கரையில் இடம் வாங்கிய கிழக்கிந்தியக் கம்பெனிக்கு, நாணயம் அடித்துக்கொள்ளும் உரிமையையும் சேர்த்தே நாயக்கர் கொடுத்தார். தங்க வராகன் அடித்தார்கள். அதில் இங்கிலாந்து ராஜா தலையா? மூச்! ஸ்ரீதேவி, பூதேவி சமேதராகப் பெருமாள்! 'மூன்று சாமி வராகன்' என்றே பெயர். பின்னால் வந்த நட்சத்திர வராகனிலும் ஒரு பக்கம் நட்சத்திரம், மறுபக்கம் பெருமாள்தான். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போன துரைமார், திங்கட்கிழமை பெருமாளை அச்சடித்தார்கள். பக்தி இல்லை ஸார், வியாபாரம். விஜயநகர காலத்திலிருந்து ஜனங்களுக்குப் பழகின காசு அது. முகம் மாறினால் செட்டியார் உரைகல்லைத் தேடுவார்.

இந்த வித்தையில் துரைமாருக்கும் முன்னோடிகள் உண்டு. 1099-ல் ஜெருசலேமைப் பிடித்த சிலுவைப் போர்க்காரர்கள், எகிப்து கலீஃபாவின் தங்க தினாரை அப்படியே காப்பி அடித்தார்கள். அரபி எழுத்து, இஸ்லாமியக் கலிமா எல்லாம் அச்சாக அதேதான். 1130-ல் இறந்துபோன கலீஃபா அல்-ஆமிர் பெயரில், அவர் போய் எத்தனையோ வருஷம் கழித்தும் காசு வந்துகொண்டிருந்தது. என்ன, தங்கம் மட்டும் கொஞ்சம் மட்டம்! (நம்மூர் டூப்ளிகேட் லேபிள்காரர் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.)

1250 வாக்கில் போப்பாண்டவரின் தூதர் இதைப் பார்த்துக் கொதித்துப்போனார். "கிறிஸ்தவன் அடிக்கிற காசில் நபி பெயரா?" விஷயம் போப் வரை போய், தடை வந்துவிட்டது. ஆனால் சந்தையை விட முடியுமா? ஆக்ரா இல்லை, ஆக்கர் என்ற கடற்கரை ஊரில் 1251-ல் வழி கண்டுபிடித்தார்கள். நடுவில் சிலுவை; சுற்றிலும் பிதா, சுதன், பரிசுத்த ஆவி... எல்லாம் அரபியிலேயே!

சென்னையில் 1818-ல் வராகன் போய் ரூபாய் வந்தது. 100 வராகனுக்கு 350 ரூபாய் கணக்கு. சரி, அதிலாவது ராஜா தலை? ஊஹூம். 1759-ல் கொலையுண்ட டில்லி பாதுஷா இரண்டாம் ஆலம்கீரின் பெயர்! ராஜா நான்காம் வில்லியம் தலைகாட்ட 1835 ஆயிற்று.