கடல் தாண்டும் கடிதத்துக்கு எந்த முகவரி?

சென்னிமலையில் தறிச்சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இன்று ஜெர்மனிக்கும் அயர்லாந்துக்கும் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறார்கள். மதிப்பெண், ஆங்கிலத் தேர்வு, வங்கி இருப்பு என்று வீடே மெனக்கெடுகிறது. படிவத்தில் முதலில் கேட்கும் மின்னஞ்சல் முகவரியை மட்டும் பிரவுசிங் சென்டரில் யாரோ ஒருவர் போகிறபோக்கில் நிரப்பிவிடுகிறார். “அது சென்டர்காரர் போட்ட மெயிலுங்க, பாஸ்வேர்டு அவர்கிட்டதான் இருக்குதுங்க” என்று ஒரு மாணவர் சொன்னால் எனக்குப் பதறுகிறது. பல்கலைக்கழகத் தளத்தில் கடவுச்சொல் மறந்தால் புதியது போடும் இணைப்பு அந்த முகவரிக்குத்தான் போகும். ஆகவே மெயில் யார் கையிலோ, விண்ணப்பமும் அவர் கையில்.

அந்த முகவரி எப்படி வேலை செய்கிறது? 1971-ல் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன், ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட ‘அட்’ குறியைப் பயன்படுத்தினார். மறு ஆண்டு இந்தியாவில் பின்கோடு வந்தது. 638051 என்று எழுதினால் கடிதம் சென்னிமலை அஞ்சலகம் வரை வந்துவிடும்; வீட்டைக் கண்டுபிடிப்பது தபால்காரர் பாடு. ‘அட்’ குறிக்கு வலப்பக்கம் இருப்பது அந்தப் பின்கோடு, இடப்பக்கம் இருப்பது வீடு.

கடிதம் அனுப்பும்போது பல்கலைக்கழகத்தின் சர்வர் முதலில் வலப்பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ‘இந்தப் பெயருக்கு வரும் அஞ்சலை வாங்கும் கணினி எது?’ என்று இணையத்தின் பெயர்ப் பதிவேட்டில் விசாரிக்கும். விடை கிடைத்ததும் அந்தக் கணினியோடு பேசும்: அனுப்புவது இன்னார், பெறுபவர் இன்னார். 250 என்று பதில் வந்தால் சம்மதம். 550 என்றால் பெரும்பாலும் அப்படி ஒரு கணக்கே இல்லை, கடிதம் திரும்பிவிடும். 4-ல் தொடங்கும் எண் வந்தால் தற்காலிகத் தடங்கல். சர்வர் விட்டுவிட்டு முயலும். திரும்பிய கடிதம் அனுப்பியவருக்குத்தான் தெரியும், மாணவருக்குத் தெரியாது. எழுத்துப் பிழையோடு எழுதிய முகவரி வேறொருவருடையதாக இருந்துவிட்டால் இன்னும் மோசம்: கடிதம் திரும்பக்கூட வராது.

நம் இனிஷியல் இங்கே ஒரு சிக்கல் செய்கிறது. ஜிமெயில், பெயருக்குள் வரும் புள்ளியைக் கணக்கில் எடுப்பதில்லை. இனிஷியலுக்குப் பின் புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒரே பெட்டிதான். ஆனால் விண்ணப்பத் தளம் அவற்றை இரண்டு பேராக எடுத்துக்கொள்ளலாம். தேர்வு மதிப்பெண் ஒரு கணக்கிலும் விண்ணப்பம் இன்னொன்றிலுமாகப் பிரிந்து கிடக்கும். முதல் நாள் எப்படி எழுதினோமோ அப்படியே கடைசிவரை எழுத வேண்டும்.

அப்படியானால் கல்லூரி தரும் முகவரி? அதற்கு மதிப்பு உண்டு. பக்கத்துப் பெருந்துறையில் கொங்கு பொறியியல் கல்லூரியின் இணையப் பெயர் ‘டாட் இடியூ’ என்று முடிகிறது. 2001 அக்டோபருக்குப் பிறகு அந்த முடிவு அமெரிக்க அங்கீகாரம் பெற்ற உயர்கல்வி நிறுவனங்களுக்கே தரப்படுகிறது. அதற்கு முன்பே வாங்கியவர்கள் வைத்துக்கொண்டார்கள். அண்ணா பல்கலைக்கழகமும் அப்படித்தான். மற்றக் கல்லூரிகள் பலவற்றுக்கு இருக்கும் ‘ஏசி டாட் இன்’ பெயரை அரசின் எர்நெட் நிறுவனம் கல்வி நிறுவனங்களுக்கென்றே வழங்குகிறது. நினைத்தவர் நினைத்தபடி வாங்க முடியாத பெயர்கள் இவை. அதனால்தான் மாணவர் என்று காட்ட வேண்டிய இடங்களில் இந்த முகவரி செல்லுபடியாகிறது.

சிக்கல் காலக்கெடுவில். இறுதியாண்டுக் குளிர்காலத்தில் விண்ணப்பித்தால், சேர்க்கைக் கடிதம் கோடையில் வரும். அமெரிக்காவின் ஐ-20 படிவம், பிரிட்டன் விசாவுக்கான சிஏஎஸ் எண் எல்லாம் அதற்கும் பின்னால். அதற்குள் படிப்பு முடிந்து, கல்லூரி கணக்கை மூடியிருக்கலாம். எனவே என் யோசனை இது: விண்ணப்பத்துக்கு உங்கள் பெயரில், உங்கள் கைப்பேசி எண்ணோடு இணைந்த சொந்த முகவரி. கல்லூரி முகவரி, கேட்ட இடத்தில் மட்டும். சென்டரில் படிவம் நிரப்பினாலும் கடவுச்சொல்லை நீங்களே தட்டுங்கள், எழுந்து வரும்முன் கணக்கிலிருந்து வெளியேறுங்கள்.

பரிந்துரை தரும் பேராசிரியர் விஷயத்தில் மட்டும் இது தலைகீழ். பரிந்துரைக் கடிதம் கேட்கும் இணைப்பு நேராக அவருக்குப் போகிறது. அங்கே ஜிமெயில் முகவரி இருந்தால், கடிதத்தை மாணவரே எழுதிக்கொண்டாரோ என்ற ஐயம் எழும். பல பல்கலைக்கழகங்கள் கல்லூரி முகவரியைத்தான் ஏற்கின்றன. பேராசிரியர் அதைத் தினமும் திறந்து பார்க்கிறாரா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். போட்ட முகவரிகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: அமெரிக்க விசாவுக்கான டிஎஸ்-160 படிவம், கடந்த ஐந்தாண்டுகளில் பயன்படுத்திய மற்ற மின்னஞ்சல் முகவரிகளையும் கேட்கிறது.