நின்று முறியும் விட்டம்

கீழக்குயில்குடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் சமணர் மலையில் செட்டிப்புடவுப் பாறை முன்னால் நீட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறது. செல்போனுக்குள் இருக்கும் நுண்ணிய சிலிக்கன் விட்டங்கள், போன் கீழே விழுந்தால் முறியாதா?"

பெரும்பாலும் முறியாது. உருவம் சிறுக்கச் சிறுக்கச் சொந்த எடை ஒரு பொருட்டே இல்லை. உள்ளே ஒளிந்திருக்கும் கீறல்களும் சிறுத்துவிடுகின்றன. கண்ணாடி இழை மெலிய மெலிய வலுக்கூடுவதை 1921-லேயே கிரிஃபித் காட்டிவிட்டார். வளைவுக் கணக்கும் எளிதுதான்: தடிமன் பாதியானால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகும்.

வம்பு முறிவை அளப்பதில்தான். ஒருமுனை மட்டும் பிடிப்புள்ள, சில மைக்ரான் தடிமனுள்ள விட்டத்தைக் காலியம் அயனிக் கற்றையால் செதுக்கி, ஒரு வெட்டும் போட்டு, வைர முனையால் அழுத்துகிறார்கள். விரிசல் புறப்பட்டால் ஒரே ஓட்டம். கையில் மிஞ்சுவது முறிந்த நேரத்துப் பளு மட்டுமே. வெட்டு போதிய கூர்மையோடு இருந்ததா, காலியம் உள்ளே புகுந்து பொருளைக் கெடுத்ததா என்பதை அந்த ஒற்றை எண் சொல்லாது.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் விக்ரம் ஜெயராம், நாகமணி ஜெயா குழுவினர் விட்டத்தின் இரண்டு முனைகளையும் பிடித்துவைத்தார்கள். அவர்கள் சோதித்த, ஜெட் என்ஜின் டர்பைன் பிளேடுகளின் பிளாட்டினம்-அலுமினைடு பூச்சு மெல்லியது. அதன் சேர்மானமும் ஆழத்துக்கு ஆழம் மாறும். அதில் பெரிய மாதிரி வெட்டவே முடியாது.

எனக்குப் பிடித்த விநோதம் இங்கேதான். விட்டத்தின் நடுவில், அடிப்பக்கத்திலிருந்து விரிசல் மேலேறுகிறது. ஓரளவு ஏறியதும் இரு பாதிகளும் தத்தம் பிடிமானத்திலேயே தொங்கத் தொடங்குவதால், விரிசல் நுனிக்குப் போகும் உந்துதல் குறைகிறது, அது நின்றுவிடுகிறது. இன்னும் அழுத்தினால் இன்னும் கொஞ்சம் நகரும். தாத்தா விறகு பிளக்கும்போது ஆப்பு இறங்கிய அளவுக்கே பிளவு ஓடும், அந்த மாதிரி. செயற்கையாகப் போட்ட வெட்டைத் தாண்டி வந்த அசல் விரிசலை அப்போது அளக்கலாம்.

விரிசலின் ஒவ்வொரு ஆழத்துக்கும் கணினியில் கணக்குப் போட்டால் உந்துதலின் இந்த இறக்கம் தெரியும். ஆனால் நம் கல்லூரி ப்ராஜெக்ட் அறிக்கைகளில் மென்பொருள் தரும் தகைவு வண்ணப் படத்தை ஒட்டி, சிவப்பு இடத்து எண்ணை எழுதிவிட்டால் வேலை முடிந்தது. விரிசல் நுனியில் கணக்கு வலையின் கண்ணிகளை நெருக்க நெருக்க அந்தத் தகைவு எண் ஏறிக்கொண்டே போகும். அதை நம்பி எதையும் கட்ட முடியாது. இதை யாரும் சொல்லித்தருவதில்லை என்பதுதான் வருத்தம்.

தம்பி, இரண்டு பழைய பிளாஸ்டிக் ஸ்கேல்களில் பிளேடால் ஆழமாகக் கீறுங்கள். ஒன்றை மேசை விளிம்பில் ஒருமுனை இறுக்கியும், மற்றதை இருமுனை இறுக்கியும் மெதுவாக அழுத்திப் பாருங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். மென்பொருளை அதற்குப் பிறகு திறக்கலாம்.