சுண்டெலியின் நடுக்கம் எங்கே பிறக்கிறது?

ஆக்சோடிரெமோரின் என்ற வேதிப்பொருளை ஊசியில் ஏற்றினால் சில நிமிடங்களில் சுண்டெலியின் உடல் நடுங்கத் தொடங்கும். வாயில் எச்சில் வழியும், கண்ணில் நீர் கசியும். அட்ரோபின் கொடுத்தால் எல்லாம் அடங்கிவிடும். ஆனால் அட்ரோபினையே சற்று மாற்றிச் செய்த மெத்தில் அட்ரோபினைக் கொடுத்தால் எச்சில் நிற்கும், நடுக்கம் நிற்காது. மின்னூட்டம் கொண்ட அந்த மூலக்கூறு ரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. எச்சில் சுரப்பியில் சுரக்கிறது, நடுக்கமோ மூளையில் பிறக்கிறது என்பதை இப்படி ஒரே சோதனை பிரித்துக் காட்டிவிடுகிறது. அங்கே சம்பந்தப்பட்டிருப்பது அசிட்டைல்கோலின் என்ற நரம்புக்கடத்தியின் ஏற்பிகள். அவற்றில் எம்2 என்ற வகை மட்டும் இல்லாதபடி மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு ஆக்சோடிரெமோரின் கொடுத்தும் நடுக்கம் வரவில்லை என்று 1999இல் தெரியவந்தது. நடுக்கத்தை ஒரு மருந்து நிறுத்தியது என்பதைவிட, எந்த வழியை அடைத்து நிறுத்தியது என்பதே இந்த ஆய்வுகளில் நமக்குக் கிடைக்கும் உண்மையான செய்தி என்று நினைக்கிறேன்.

ஹார்மலின் இதை இன்னும் தெளிவாக்குகிறது. பெகனம் ஹார்மலா என்ற செடியின் விதையிலுள்ள இந்தப் பொருளும் விலங்குகளை நடுங்கவைக்கிறது. பார்வைக்கு இரண்டு நடுக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான், பிறப்பிடம் வேறு. முகுளத்தில் கீழ் ஆலிவ் என்ற நரம்புத் தொகுதி இருக்கிறது. ஹார்மலின் ஏறியதும் அதன் செல்கள் நொடிக்குச் சுமார் 10 முறை ஒரே தாளத்தில் துடிக்கின்றன. அந்தத் துடிப்பு சிறுமூளை வழியாகத் தசைகளுக்குப் போகிறது. அந்தச் செல்களை அழித்துவிட்டால் ஹார்மலின் கொடுத்தாலும் நடுக்கமில்லை. ப்ரோப்ரனலாலும் ஆல்கஹாலும் இந்த நடுக்கத்தைக் குறைக்கின்றன. மனிதர்களில் குடும்பவழியாக வரக்கூடிய, கை நீட்டும்போதும் டம்ளரைத் தூக்கும்போதும் தெரிகிற ‘எசென்ஷியல் டிரெமர்’ என்ற நடுக்கமும் இதே இரண்டுக்கும் தணிகிறது.

ஊசி போட்டு வரவழைத்த நடுக்கம் நோயாகிவிடாதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நோய் ஆண்டுக்கணக்கில் முற்றுகிறது. ஹார்மலின் நடுக்கமோ சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடும், திரும்பத் திரும்பக் கொடுத்தால் விலங்கு அதற்குப் பழகியும்விடும். அதனால் எலியில் வென்ற மருந்து நோயாளியிடமும் வெல்லும் என்று சொல்ல முடியாது. ஆனால் பழுதுபட்ட தாளம் எந்த நரம்புப் பாதையில் ஓடுகிறது என்று கேட்பதற்கு நோய் முழுவதும் எலிக்கு வந்திருக்க வேண்டியதில்லை. இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: மயக்கம் தரும் எந்த மருந்தும் நடுக்கத்தை நிறுத்திவிடும். ஆகவே அதே அளவு மருந்து கொடுத்த சுண்டெலியைச் சுழலும் தண்டின்மேல் ஏற்றிப் பார்க்கிறார்கள். விழாமல் நடந்துகொண்டே நடுக்கமும் குறைந்திருந்தால்தான் அந்த மருந்தைக் கணக்கில் எடுக்கலாம்.