எதிரெதிரே இரண்டு பியானோ

"அம்மா, எனக்கு பியானோ வேணாம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையத்தின் மின்படியில் மேலே வந்துகொண்டிருந்தபோது என் மகள் சொன்னாள். ஒன்பது வயது. என்னைவிட ஒரு படி மேலே நின்றதால் அவள் முகம் எனக்கு நேராக இருந்தது. விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது தெரிந்தது.

"ஏம்மா, டீச்சர் திட்டினாங்களா?"

"இல்ல. பரதம் கிளாஸ்ல எல்லாரும் சேர்ந்து ஆடுறோம். பியானோவுல நான் மட்டும் தனியா உட்கார்ந்திருக்கேன்."

வானொலியில் பேசிப் பேசியே சம்பளம் வாங்குபவள் நான். அந்த மின்படியில் எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் அவள் சொன்னது என் கதை.

ஓவன் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீவக வீட்டில்தான் நானும் தம்பியும் வளர்ந்தோம். அப்பா ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு பழைய பியானோ வாங்கினார். சுவரோடு ஒட்டி நிற்கும் ரகம். அதன்மேல் அம்மா ஒரு டைமர் வைத்தார். எனக்கு அரை மணி, தம்பிக்கு அரை மணி. ஒருவர் வாசிக்கும்போது இன்னொருவர் பக்கத்தில் போகக்கூடாது. "ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தா விளையாட்டுதான் நடக்கும்" என்பார். நான் ஐந்தாம் கிரேடோடு நிறுத்தினேன். தம்பி பிஎஸ்எல்இ ஆண்டில் நிறுத்தினான். சில ஆண்டுகள் பியானோமேல் குடும்பப் படங்கள் இருந்தன. பிறகு அதையும் விற்றுவிட்டோம். ஒரே வீட்டில், ஒரே பியானோவில் பல ஆண்டுகள் பயிற்சி செய்த நானும் அவனும் ஒருநாள்கூடச் சேர்ந்து வாசித்ததில்லை.

மகளிடம் ஓர் உடன்பாடு செய்துகொண்டேன். "ஆண்டிறுதிக் கச்சேரி வரைக்கும் போ. அப்புறம் உன் இஷ்டம்."

அன்று அரங்கில் நடந்தது

ஆசிரியையின் மாணவர்கள் பெற்றோருக்காக வாசிக்கும் சிறிய கச்சேரி அது. ஒவ்வொரு பிள்ளையாக மேடையேறி, வணங்கி, வாசித்து, இறங்கினார்கள். தத்தம் பிள்ளையின் முறை வரும்போது பெற்றோர் கைப்பேசியைத் தூக்கினார்கள், முடிந்ததும் கீழே வைத்தார்கள். நானும் அப்படித்தான்.

கடைசியாக, மூடிக்கிடந்த இரண்டாவது கிராண்ட் பியானோவைத் திறந்தார்கள். உயர்நிலைப் பள்ளி மாணவிகள் இருவர் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஒருத்தி தலையை லேசாக அசைத்து மூச்சை இழுத்தாள். இருவர் விரல்களும் ஒரே நொடியில் இறங்கின.

பாதியில் ஒருத்திக்கு இடம் தவறிவிட்டது. கை நின்றது. மற்றவள் நிறுத்தவில்லை. வாசித்த வரியையே மறுபடி வாசித்தபடி தலையைத் தூக்கித் தோழியைப் பார்த்தாள். மூன்றாவது சுற்றில் தோழி வந்து சேர்ந்துகொண்டாள். இருவரும் சிரித்துவிட்டார்கள். அன்று பிசகே இல்லாமல் வாசித்த பிள்ளைகள் பலர். ஆனால் அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது இந்த இருவருக்குத்தான்.

என் மகள் என் கையைச் சுரண்டினாள். "அம்மா, இப்படிக்கூட வாசிக்கலாமா?"

முகம் தெரியும், விரல் தெரியாது

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். மேடையில் இரண்டு கிராண்ட் பியானோக்களை வைக்கும் முறையே அழகானது. அவற்றின் வளைந்த பக்கங்கள் ஒன்றோடொன்று பொருந்தும்படி நெருக்கி வைப்பார்கள். ஒரு பியானோவின் மூடி பார்வையாளர்களை நோக்கித் திறக்கும். மற்றதன் மூடி எதிர்ப்பக்கம் திறக்கும் என்பதால் அதைக் கழற்றியே வைத்துவிடுவார்கள். கலைஞர்கள் இருவரும் ஆளுக்கொரு முனையில். பெரிய கச்சேரி பியானோ ஒன்றின் நீளம் கிட்டத்தட்ட 2.7 மீட்டர். அவ்வளவு தூரத்துக்கு அப்பால், எதிரில் இருப்பவரின் முகம் தெரியும். அவருடைய விரல்கள் தெரியாது.

இதில்தான் சிக்கல். வயலினில் வில் மெதுவாகத் தொட்டு ஒலியைத் தொடங்கலாம். இருவர் தொடங்குவதில் மிகச் சிறிய வித்தியாசம் இருந்தாலும் ஓரளவு கலந்துபோகும். பியானோவில் அப்படி முடியாது. கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தியல் கம்பியைத் தட்டும். அந்த நொடியிலேயே ஒலி பிறந்துவிடும். இரண்டு சுத்தியல்கள் இம்மி பிசகினாலும் 'டக்-டக்' என்று தனித்தனியாகக் கேட்கும். அதனால் இந்தக் கலைஞர்கள் கையைவிட மூச்சை நம்புகிறார்கள். எதிரில் இருப்பவரின் தோள் எப்போது உயர்கிறது, தலை எப்போது அசைகிறது என்று கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள். தனியாக வாசிப்பவருக்கு ஒரு சுதந்திரம் உண்டு. நினைத்த இடத்தில் நிதானிக்கலாம், நினைத்த இடத்தில் ஓடலாம். இருவர் வாசிக்கும்போது அந்தச் சுதந்திரத்தைப் பாதி விட்டுக்கொடுக்க வேண்டும். அரங்கில் இருப்பவருக்கு இசை இலக்கணம் தெரியாமல் இருக்கலாம். ஒருவர் இன்னொருவருக்குக் காத்திருப்பது தெரியாமல் போகாது.

மோட்சார்ட்டும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

மோட்சார்ட் கேட்டால் குழந்தைக்கு மூளை வளரும் என்று சொல்லி, வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே குறுந்தட்டு வாங்கிப் போட்ட குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! அந்த நம்பிக்கை பிறந்த இடம் 1993ல் 'நேச்சர்' அறிவியல் இதழில் வந்த ஒரு சிறிய ஆய்வு. கலிஃபோர்னியாவில் 36 கல்லூரி மாணவர்கள் பத்து நிமிடம் மோட்சார்ட் கேட்டார்கள். இடவெளிசார்ந்த புதிர்களில் அவர்களுடைய மதிப்பெண் கொஞ்சம் கூடியது. அந்தப் பலனும் சுமார் கால் மணி நேரத்தில் கரைந்துவிட்டது. கைக்குழந்தைகள் அந்த ஆய்விலேயே இல்லை.

எனக்கு வியப்பாக இருந்தது வேறு ஒன்று. அந்த மாணவர்கள் கேட்ட இசை, மோட்சார்ட் 1781ல் வியன்னாவில் எழுதிய இரண்டு பியானோக்களுக்கான சொனாட்டா. தன் மாணவி யோசெஃபா அவுர்ன்ஹாமருடன் எதிரெதிரே அமர்ந்து வாசிப்பதற்காக அவர் எழுதியது. இருவர் சேர்ந்து வாசிக்கும் மகிழ்ச்சிக்காகப் பிறந்த இசையை, பிள்ளையைத் தனியே முன்னால் ஓட வைக்கும் மருந்தாக மாற்றிவிட்டோம்.

மோட்சார்ட் சிறுவயதில் ஊர் ஊராகச் சென்று வாசித்ததும் தனியாக அல்ல. நான்கரை வயது மூத்த அக்கா நானெர்ல் கூடவே இருந்தார். 1763 முதல் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக அந்த அக்காவும் தம்பியும் ஐரோப்பாவைச் சுற்றினார்கள். லண்டனில் ஒரே கருவியின் முன் அமர்ந்து நான்கு கைகளால் வாசித்தார்கள். அக்கா மணவயதை எட்டியதும் தந்தை அவரைப் பயணங்களிலிருந்து நிறுத்திவிட்டார். தம்பி மட்டும் போனார். இதைப் படித்த அன்று எனக்கு என் தம்பி ஞாபகம் வந்தது.

லாரியில் போன பியானோக்கள்

வயலின்காரர் தன் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு விமானம் ஏறலாம். பியானோக்காரர் போகும் ஊரில் இருக்கும் கருவியில்தான் வாசிக்க வேண்டும். இருவர் என்றால் இன்னும் கஷ்டம். ஒரே தரத்தில், ஒத்த குரலில் இரண்டு நல்ல பியானோ எல்லா ஊரிலும் கிடைக்காது.

அமெரிக்காவின் ஆர்தர் ஃபெரான்டே, லூயிஸ் டைக்கர் இருவரும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். நியூயார்க்கின் ஜூலியார்டில் சிறுவர்களாகப் படிக்கும்போதே நண்பர்களானவர்கள் இவர்கள். படிப்பு முடிந்து அங்கேயே பாடமும் நடத்தினார்கள். 1947ல் கச்சேரியே முழுநேரத் தொழில் என்று இறங்கினார்கள். தொடக்க காலத்தில் இரண்டு கிராண்ட் பியானோக்களை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். கம்பிகளுக்கு இடையே காகிதம், ரப்பர், மரத்துண்டு செருகி விசித்திர ஒலிகளை எழுப்பினார்கள். மேடையில் நகைச்சுவையாகப் பேசினார்கள். மேற்கத்தியச் செவ்வியல் இசை நமக்கு எட்டாது என்று நினைத்த சாதாரண மக்கள் சீட்டு வாங்கி வந்தார்கள். 1960ல் 'எக்ஸோடஸ்' படத்தின் இசையை அவர்கள் வாசித்த இசைத்தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது.

1989ல் ஓய்வு பெறும்வரை அந்த ஜோடி பிரியவில்லை. டைக்கர் 2008ல் காலமானார், அடுத்த ஆண்டு ஃபெரான்டே. பியானோவில் எத்தனை கட்டைகளோ அத்தனை ஆண்டு வாழ வேண்டும் என்பது ஃபெரான்டேயின் ஆசையாம். பியானோவில் 88 கட்டைகள். 88வது பிறந்தநாள் முடிந்த பன்னிரண்டாம் நாள் அவர் மறைந்தார்.

பிரான்சின் கத்யா, மரியெல் லபெக் சகோதரிகள் இன்னொரு புகழ்பெற்ற ஜோடி. அவர்களுக்கு முதலில் பியானோ சொல்லிக்கொடுத்தவர் தாயார். 1980களின் தொடக்கத்தில் வெளிவந்த அவர்களுடைய கெர்ஷ்வின் இசைத்தட்டு ஐந்து லட்சம் பிரதிகளுக்குமேல் விற்றது. அக்காவுக்கு வேகம் பிடிக்கும், தங்கைக்கு நிதானம் பிடிக்கும் என்பது அவர்கள் வாசிப்பதைப் பார்த்தாலே தெரியும். இருவரும் ஒரே மாதிரி ஆகிவிடவில்லை. அதனால்தான் கேட்கச் சுவையாக இருக்கிறது.

நமக்குப் புதிதில்லை

இதெல்லாம் வெள்ளைக்காரர் கதை என்று நினைத்துக்கொண்டே ஒரு வெள்ளிக்கிழமை மாலை சிராங்கூன் சாலையில் சீனிவாசப் பெருமாள் கோவிலுக்குள் போனேன். நாதஸ்வரம் முழங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் உறைத்தது. சிறுவயதிலிருந்து நான் பார்த்த நாதஸ்வரங்கள் பெரும்பாலும் இரண்டு! ஒருவர் ராகத்தை விரிக்கும்போது மற்றவர் சுருதியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். முதலாமவர் மூச்சு வாங்கும் இடத்தில் இரண்டாமவர் எடுத்துக்கொள்வார். பிறகு இருவரும் சேர்வார்கள். திருவீழிமிழலை சகோதரர்கள் முதல் எத்தனையோ இரட்டையர் இந்த வழியில் வந்தவர்கள்தான்.

குழலில் சிக்கில் சகோதரிகள் குஞ்சுமணியும் நீலாவும் அப்படித்தான் ஒரே மூச்சாக வாசித்தார்கள். 2002ல் சங்கீத கலாநிதி, 2004ல் பத்மஸ்ரீ என்று விருதுகளும் இருவருக்கும் சேர்ந்தே வந்தன. அந்தக் குஞ்சுமணியின் பேரன்தான் பாடகர் சிக்கில் குருசரண். அவர் பியானோக் கலைஞர் அனில் சீனிவாசனுடன் சேர்ந்து உலகின் பல ஊர்களில் பாடி வருகிறார். பியானோவில் கட்டைக்குக் கட்டை தாவத்தான் முடியும். கர்நாடக இசையின் உயிரான கமகத்தின் நெளிவு அதற்கு வராது. குரல் நெளியும் இடத்தில் பியானோ ஒதுங்கி நிற்கிறது. குரல் ஓயும் இடத்தில் மெதுவாக உள்ளே வருகிறது. பாட்டியும் அவர் தங்கையும் குழலில் செய்ததைப் பேரன் பியானோவுக்குப் பக்கத்தில் நின்று செய்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கோவிலிலிருந்து திரும்பும் வழியில் ஸ்டார்லைட் ரோட்டுப் பக்கம் நடந்தேன். 1949ல் தொடங்கிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் அங்குதான் இருக்கிறது. நம் பாட்டு வகுப்புகளில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ஒரே குரலில் சரளி வரிசை பாடுகிறார்கள். ஒருத்தி தப்பினால் பக்கத்தில் இருப்பவளின் குரலைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருவாள். அதே பிள்ளை பியானோ வகுப்புக்குப் போனால் ஓர் ஆசிரியர், ஒரு நாற்காலி, ஒரு தேர்வாளர். தப்பினால் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை. பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்று குறைபட்டுக்கொள்கிறோம். எட்டு கிரேடு வரைக்கும் தனியாகவே நடக்க எந்தப் பெரியவருக்குப் பொறுமை இருக்கிறது?

என் தொழிலிலும் இதைத்தான் பார்க்கிறேன். ஒலிபரப்புக் கூடத்தில் என் சக படைப்பாளர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருவார். கையில் என்ன வைத்திருக்கிறார் என்பது திரைகளுக்குப் பின்னால் மறைந்திருக்கும். கண் மட்டும் தெரியும். அவர் மூச்சை இழுத்தால் நான் வாயை மூட வேண்டும். நான் சொல் மறந்து தடுமாறினால் அவர் அந்த இடத்தை நிரப்புவார். நேயர்கள் "உங்க ரெண்டு பேர் பேச்சு நல்லா இருக்கு" என்று எழுதும்போதெல்லாம் அவர்கள் பாராட்டுவது பேச்சை அல்ல, ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்பதைத்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

பொங்கோலிலிருந்து வந்த மாமா

இப்போது எங்கள் வீட்டில் இருப்பது ஒரு மின்பியானோ. அதற்கு முன்னால் ஒரு நாற்காலிதான் இருந்தது. சாப்பாட்டு மேசையிலிருந்து இன்னொன்றை எடுத்துப் போட்டேன். இரண்டு கிராண்ட் பியானோ வைக்க நம் வீடுகளில் இடம் ஏது? ஒரே பியானோவில் நான்கு கை வைத்து வாசிக்கும் எளிய புத்தகங்கள் நிறைய உண்டு. ஆசிரியையிடம் கேட்டதும் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கீழ்ப்பகுதி மிகச் சுலபம். சில பாடல்களில் இரண்டே சுரங்கள்தான் மாறி மாறி வரும். பியானோ தெரியாத அப்பாவோ தாத்தாவோகூட ஒரு வாரத்தில் பழகிவிடலாம்.

பொங்கோலில் இருக்கும் தம்பிக்குப் போன் செய்தேன். "அக்கா, பிஎஸ்எல்இக்கு அப்புறம் நான் அதைத் தொட்டதே இல்லை" என்றான். ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தான்.

மகள் மேல்பகுதி, மாமா கீழ்ப்பகுதி. நான்காவது வரியில் மாமா தொலைந்துபோனான். அவள் நிறுத்தவில்லை. அதே வரியை மறுபடி வாசித்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள். "மாமா, இங்க வாங்க, இங்க!"

அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பழைய டைமரைப் பற்றி யாரும் பேசவில்லை. அவள் அடுத்த ஆண்டும் பியானோவுக்குப் போவாளா என்று இன்னும் முடிவாகவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று அவர்கள் எழுந்த பிறகு, பக்கத்து நாற்காலி காலியாக இருந்ததைப் பார்த்து அம்மா கேட்டார்: "உனக்கு இன்னும் வாசிக்க வருமா?"

உட்கார்ந்தேன். தம்பி மறுபடியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.