அணித்தாள்களும் கலைச்சொற்களும்: லோரிங்கின் நூலை முன்வைத்து

1. முன்னுரை

கலைச்சொல் நூல்கள் பெரும்பாலும் சொல்லைச் சொல்லாலேயே விளக்குகின்றன. பொருளையே பக்கத்தில் ஒட்டிக் காட்டும் நூல்கள் மிகச் சில. ரோசமண்ட் லோரிங் (1889–1950) எழுதிய 'டெக்கரேட்டட் புக் பேப்பர்ஸ்' அவற்றுள் ஒன்று. ஹார்வர்டு கல்லூரி நூலகத்தின் அச்சு, வரைகலைத் துறை 1942இல் இதனை 250 படிகளே வெளியிட்டது. நூலட்டையின் மேலும் உள்ளும் ஒட்டப்பெறும் அணித்தாள்களின் வரலாற்றைக் கூறும் இந்நூலில், உண்மைத் தாள்களே மாதிரிகளாக ஒட்டப்பெற்றுள்ளன. இத்தகைய நூலைத் தமிழாக்க முற்படுவோர் எதிர்கொள்ளும் பெயர்ச் சிக்கலை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. ஒரு தாள், பல பெயர்கள்

பிசின் கரைத்த நீரின்மேல் வண்ணங்களை மிதக்கவிட்டு, சீப்பு போன்ற கருவியால் அவற்றை இழுத்துக் கோலமாக்கி, அதன்மேல் தாளைப் படியவைத்து எடுப்பது ஒரு முறை. வண்ணம் பரவுவதற்கு மாட்டின் பித்தநீரும், தாளில் பற்றுவதற்குப் படிகாரமும் பயன்படும். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இத்தாளில் சலவைக்கல்லின் வரிகளைக் கண்டு பெயரிட்டனர். பாரசீகப் பெயரான 'அப்ரி', மேகத்தைக் குறிக்கும் 'அப்ர்' என்னும் சொல்லடியாகப் பிறந்தது. பழைய ஐரோப்பிய வழக்கில் இது 'துருக்கித் தாள்' எனவும் பட்டது. சப்பானியர் வெறும் நீரில் மையை மிதக்கவிட்டுச் செய்யும் இதன் இனமான தாளுக்கு 'சுமினகாஷி' என்று பெயர். 'சுமி' மை, 'நகாஷி' ஓடவிடுதல். ஆக, உவமை, பிறப்பிடம், செய்முறை என மூன்று அடிப்படைகளில் பெயர்கள் அமைந்துள்ளன.

தமிழில் 'பளிங்குத் தாள்' என்று பெயர்த்தால், பளிங்கு என்பது படிகத்தையும் குறிப்பதால், ஒளி ஊடுருவும் தாள் என்னும் மயக்கம் நேரும். 'மிதவண்ணத் தாள்' எனச் செய்முறையால் பெயரிடின் அம்மயக்கம் நீங்கும்.

3. பொருளோடு மாறுபடும் பெயர்கள்

ஆங்கிலத்தில் 'டச்சு கில்ட்' எனப்படும் தாளின் சிக்கல் இதனினும் பெரிது. 18ஆம் நூற்றாண்டில் இலண்டன் பதிப்பாளர் ஜான் நியூபெரியின் சிறுவர் நூல்களுக்கு இத்தாள் மேலட்டையாயிற்று. இது பெரும்பாலும் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க், நியூரம்பெர்க் முதலிய நகரங்களில் உருவானது. டச்சு வணிகர் வழியாக வந்தமையால் அப்பெயர் பெற்றது. அதில் மின்னுவதும் பொதுவாகப் பொன்னன்று. செம்பு கலந்த உலோகத் தகடு. செதுக்கிய உலோகப் பலகையை அழுத்தி அதனைத் தாளில் பதித்தனர். 'டச்சுப் பொற்றாள்' என நேர்பெயர்ப்புச் செய்தால், நாடு, உலோகம் ஆகிய இரண்டிலும் பிழை தமிழில் புகும். 'உலோகப் பொறிப்புத் தாள்' எனலாம். வணிக வரலாறு கூறுமிடத்து மட்டும் பழம்பெயரை ஒலிபெயர்க்கலாம்.

வண்ணங் கலந்த மாவுப் பசையைத் தாளில் பூசி, ஈரம் உலருமுன் விரலாலோ சீப்பாலோ கோலம் வரைவது மற்றொரு வகை. லோரிங் தாமே இதில் கைதேர்ந்தவர். இதனைப் 'பசைத்தாள்' என்றால் ஒட்டுவதற்குரிய தாளே வாசகர் மனத்தில் எழும். 'பசைவண்ணத் தாள்' என்பதே பொருந்தும்.

4. முடிவுரை

முதற்பதிப்பில் பெயர் பொருந்தாவிடினும் அருகில் ஒட்டிய தாள் வாசகரைத் திருத்திவிடும். மிதவண்ணத் தாளில் ஒரு கோலம் போல் மற்றொன்று அமைவதில்லை. ஆதலின் மாதிரிகளை வேண்டியவாறு பெருக்கவும் இயலாது. மாதிரியற்ற மொழிபெயர்ப்பில் விளக்கும் பொறுப்பு முழுவதும் சொல்லின்மேல் விழுகிறது. எனவே மொழிபெயர்ப்பாளர் அகராதிப் பொருளோடு அமையாது, இயன்றவரை மூலத்தாளைக் கண்டும், செய்முறையை அறிந்தும் பெயரிடல் வேண்டும். நூலகப் பட்டியலாளர்க்கும் பழநூல் பாதுகாப்போர்க்கும் அத்தகைய பெயரே பயன்படும்.