கேம் கையிருப்புக் கணக்கு: பெயர்ப்பட்டியல் ஏன் போதாது?

போன வருஷம் லீவுக்கு சிங்கப்பூரில் இருந்து அண்ணன் குடும்பத்தோடு வந்திருந்தார். அண்ணன் மகளுக்குப் பன்னிரண்டு வயது. என் அலமாரியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சித்தப்பா, அப்பா விளையாடின போகிமான் உங்ககிட்டதான் இருக்காமே, காட்டுங்க" என்றாள்.

இருந்தது. 2001-ல் முதல்முறை சிங்கப்பூர் போய் வந்தபோது அண்ணன் ஒரு கேம்பாய் கலரும், போகிமான் கோல்டு கேசட்டும் கொண்டுவந்தார். மாதக்கணக்கில் விளையாடிவிட்டு, இரண்டையும் என்னிடமே விட்டுவிட்டுப் போனார்.

என்னிடம் ஒரு எக்செல் பட்டியல் உண்டு. 2009-ல் ஆரம்பித்தது, 230 வரிகளைத் தாண்டிவிட்டது. தேடினேன். "போகிமான் கோல்டு, கேம்பாய், நல்ல நிலை" என்று வந்தது. கேசட்டும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. போட்டேன், ஓடியது. ஆனால் மெனுவில் 'கன்டினியூ' இல்லை. 'நியூ கேம்' மட்டும்தான்.

"அதுல என் டைப்லோஷன் எண்பது லெவல் தாண்டி இருந்துச்சேடா" என்றார் அண்ணன். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் மகளிடம் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

பட்டியல் பொய் சொல்லவில்லை. கேசட் நல்ல நிலையில்தான் இருந்தது. "என்ன வாங்கினேன்?" என்ற கேள்விக்குத்தான் நான் பதினைந்து வருஷமாகப் பதில் எழுதி வந்திருக்கிறேன். "நாளைக்கு இதைப் போட்டால் ஓடுமா, ஓட என்ன வேண்டும்?" என்று ஒரு வரியிலும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை வைத்துப் பட்டியலைத் திரும்ப எழுதியபோது கற்றுக்கொண்டவைதான் இந்தப் பதிவு.

கேசட்டுக்குள் என்ன நடந்தது?

கோல்டு கேசட்டுக்குள் இரண்டு தனித்தனி நினைவகம் உண்டு. கேம் இருப்பது 2 எம்.பி. ரோமில். அதற்குக் கரன்ட் தேவையில்லை, அழியாது. நாம் சேமித்த ஆட்டம் இருப்பது 32 கே.பி. ரேமில். ரேமுக்கு மின்சாரம் நின்றால் எல்லாம் போச்சு. அதனால்தான் போர்டிலேயே ஒரு சி.ஆர். 2025 பட்டன் பேட்டரியை வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். கோல்டில் பகல், இரவு, கிழமை எல்லாம் நிஜ நேரப்படி மாறும். அந்தக் கடிகாரமும் இதே பேட்டரியில்தான் ஓடுகிறது, அதனால் பேட்டரி இன்னும் சீக்கிரம் தீரும்.

அதே வரிசையில் அடுத்து வந்த ரூபி, சஃபையர் கேசட்டுகளில் சேவ் ஃபிளாஷ் நினைவகத்துக்கு மாறிவிட்டது. அங்கே பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் மட்டும் நிற்கும், ஆட்டம் அப்படியே இருக்கும். பிளேஸ்டேஷன் 1, 2 இரண்டிலும் சேவ் டிஸ்க்கில் இருக்காது, மெமரி கார்டில் இருக்கும். டிஸ்க்கைப் பத்திரப்படுத்திவிட்டு கார்டைத் தொலைத்தவர்கள் என்னைப் போல நிறையப் பேர் இருப்பார்கள்.

ஆக, "சேவ் எங்கே இருக்கிறது?" என்பது முதல் புதுக் காலம். அண்ணன் கேசட்டை ஐந்து வருஷம் முன்னால் ஒரு கேசட் ரீடரில் போட்டு நகல் எடுத்திருந்தால், 32 கே.பி. அளவில் ஒரு சின்ன ஃபைல் வந்திருக்கும். பேட்டரி மாற்றிய பிறகு அதைத் திரும்ப ஏற்றியிருக்கலாம். பேட்டரி இருக்கும்போதே நகல் எடுக்க வேண்டும். தீர்ந்த பிறகு எடுக்க ஒன்றும் இருக்காது.

'ஒரு கேம்' என்றால் எது?

அடுத்த சிக்கல் எண்ணிக்கை. தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்கு '9999 இன் 1' கேசட் ஞாபகம் இருக்கும். உள்ளே நிஜமாக இருப்பது கொஞ்சம் கேம்தான். அதையே வேறு வேறு லெவலில் ஆரம்பிக்க வைத்து, வேறு வேறு பெயர் போட்டு மெனுவை நீட்டியிருப்பார்கள். அதைப் பட்டியலில் ஒரு வரியாக எழுதுவதா, இருபது வரியாக எழுதுவதா? மறுபக்கம், 1994-ல் ஜப்பானில் ஃபைனல் ஃபேன்டசி 6 என்று வந்த கேம், அதே வருஷம் அமெரிக்காவில் ஃபைனல் ஃபேன்டசி 3 என்ற பெயரில் விற்கப்பட்டது. இரண்டும் இருந்தால் அது இரண்டு கேமா, ஒன்றா?

இந்தக் குழப்பத்தை நூலகக்காரர்கள் ஏற்கனவே தீர்த்து வைத்திருக்கிறார்கள். சர்வதேச நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பு 1998-ல் வெளியிட்ட ஒரு மாதிரியில் நான்கு படிகள் வருகின்றன: படைப்பு, வெளிப்பாடு, பதிப்பு, பிரதி. அண்ணன் கேசட்டை வைத்தே பார்க்கலாம்.

போகிமான் கோல்டு என்பது படைப்பு. 1999-ல் வந்த ஜப்பானிய வடிவமும் 2000-ல் வந்த ஆங்கில வடிவமும் அதன் இரண்டு வெளிப்பாடுகள். அந்த ஆங்கில வடிவம் கேசட்டாக வந்தது ஒரு பதிப்பு, 2017-ல் 3டி.எஸ்-க்கு டவுன்லோடாக வந்தது இன்னொரு பதிப்பு. என் அலமாரியில் இருக்கிற, பின்பக்கம் அண்ணன் பேனாவால் இனிஷியல் எழுதிய அந்தக் கேசட் ஒரு பிரதி.

என் பழைய பட்டியல் முதல் படியோடு நின்றுவிட்டது. ஆனால் பேட்டரி தீர்வது, டிஸ்க் கீறுவது, நண்பன் வாங்கிப் போய்த் திருப்பித் தராதது எல்லாமே நாலாவது படியில் நடப்பவை. காலேஜ் லைப்ரரியில் ஒரே புத்தகம் பத்து பிரதி இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் தனி அக்சஷன் நம்பர் இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? அதேதான். இப்போது ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரிசை எண், ஒரு ஜிப் கவர், கவர் மேல் அந்த எண். ஸ்டிக்கரை கேசட் மேலேயோ டிஸ்க் மேலேயோ ஒட்ட வேண்டாம். '9999 இன் 1' கேசட்டும் ஒரு பிரதி, ஒரு வரி. உள்ளே இருக்கும் கேம்களின் பெயர் குறிப்புக் காலத்தில்.

பார்கோடு ஸ்கேன் செய்து பட்டியல் போடும் ஆப்கள் உண்டு, வேகமாக வேலை முடியும். ஆனால் பார்கோடு அதிகபட்சம் மூன்றாவது படி வரைதான் கொண்டுபோகும். பிரதியின் கதையை நாம்தான் எழுத வேண்டும்.

மூன்றாவது படிக்கு பார்கோடைவிட நம்பகமான ஒன்று பொருளிலேயே அச்சிடப்பட்டிருக்கும். பழைய கேம்பாய் கேசட் லேபிளில் டி.எம்.ஜி. என்று தொடங்கும் குறியீட்டைப் பார்க்கலாம். பிளேஸ்டேஷன் டிஸ்க்குகளில் எஸ்.எல்.யு.எஸ். என்றால் அமெரிக்கப் பதிப்பு, எஸ்.எல்.இ.எஸ். என்றால் ஐரோப்பியப் பதிப்பு, எஸ்.எல்.பி.எஸ். என்றால் ஜப்பானியப் பதிப்பு. இது வெறும் சேகரிப்பாளர் பித்து இல்லை. ஐரோப்பிய டிவி நொடிக்கு 50 முறை படம் மாற்றியது, அமெரிக்க டிவி 60 முறை. அந்தக் காலத்து ஐரோப்பியப் பதிப்புகள் பல, அமெரிக்கப் பதிப்பைவிட மெதுவாகவே ஓடின. பெயர் ஒன்று, ஆடும்போது கிடைக்கும் அனுபவம் வேறு.

கையில் இருந்தால் நம்முடையதா?

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்தக் காலம்தான்: "ஓடுவதற்கு யார் சம்மதிக்க வேண்டும்?"

கேம்பாய் கேசட்டுக்கு யார் சம்மதமும் வேண்டாம். கேம்பாயும் பேட்டரியும் போதும். டவுன்லோடு கேமைப் புதிதாக வாங்க, கடை திறந்திருக்க வேண்டும், பெரும்பாலும் அக்கவுண்டும் வேண்டும். வீ கன்சோலின் கடை 2019 ஜனவரியிலும், 3டி.எஸ்., வீ யூ கடைகள் 2023 மார்ச் 27-லும், எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலையிலும் மூடப்பட்டன. மேலே சொன்ன 2017 போகிமான் கோல்டு டவுன்லோடை இன்று புதிதாக யாரும் வாங்க முடியாது.

"அப்போ டிஸ்க்கா வாங்கினா போதுமே" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. யூபிசாஃப்டின் 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேம் 2014-ல் டிஸ்க்காகவும் வந்தது. தனியாக ஆடினாலும் சர்வரோடு இணைந்தே ஓடும்படி அமைக்கப்பட்ட கேம் அது. 2024 மார்ச் 31-ல் சர்வரை நிறுத்தினார்கள். டிஸ்க் வைத்திருப்பவர்களாலும் ஆட முடியவில்லை. 2025-ல் வந்த ஸ்விட்ச் 2-ல் 'கேம்-கீ கார்டு' என்று ஒரு வகை உண்டு. பார்க்கக் கார்டுதான், ஆனால் உள்ளே கேம் இல்லை, சாவி மட்டும். கேமை நெட்டில் இருந்து இறக்க வேண்டும்.

கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரியில் அமலுக்கு வந்த ஒரு சட்டம், டிஜிட்டல் கடைகள் தாங்கள் விற்பது உரிமத்தைத்தான் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது. கடைக்காரரே சொல்லும் நிலை வந்துவிட்டது. நம் பட்டியலும் சொல்ல வேண்டாமா?

இந்தக் கவலை நம் அலமாரியோடு முடிவதும் இல்லை. அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அங்கே வெளியான கேம்களில் 87 சதவீதம் இப்போது கடையில் கிடைப்பதில்லை. உங்கள் பரணில் இருக்கும் பிரதி சாதாரணப் பொருள் இல்லாமலும் இருக்கலாம்.

இப்போது என் பட்டியலில் என்ன இருக்கிறது?

1. வரிசை எண் (பிரதிக்கு ஒன்று)
2. பெயர், கன்சோல், அச்சிட்ட குறியீடு
3. வடிவம்: கேசட், டிஸ்க், சாவிக் கார்டு, டவுன்லோடு
4. இடம்: எந்தப் பெட்டி, அல்லது யாரிடம், எந்தத் தேதியில் கொடுத்தது
5. ஓட என்ன வேண்டும்: கன்சோல், அக்கவுண்ட், சர்வர் (பாஸ்வேர்டை இங்கே எழுதக் கூடாது)
6. சேவ் எங்கே, கடைசியாக நகல் எடுத்த தேதி
7. கடைசியாகப் போட்டுப் பார்த்த தேதி
8. குறிப்பு: யார் கொடுத்தது, எப்போது

ஏழாவது காலம்தான் உயிர். 'நல்ல நிலை' என்பது ஒரு கருத்து. 'இந்தத் தேதியில் ஓடியது' என்பது ஒரு தகவல். தேதி பழசாக ஆக, அந்த வரியின் மேல் நம்பிக்கை குறைய வேண்டும். நான் அந்தக் காலத்தை வைத்துப் பட்டியலை வரிசைப்படுத்திக்கொள்வேன். மேலே வருவதுதான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலை. வாரம் பத்து பார்த்தால் ஆறு மாசத்துக்குள் ஒரு சுற்று வந்துவிடும்.

முதல் சுற்றில் தெரிந்தது: ஆறு கேமை இரண்டு முறை வாங்கியிருக்கிறேன். பதினொன்று யாரிடமோ இருக்கிறது, நான்கு பேர் பெயர்தான் ஞாபகம் வந்தது. மூன்று டிஸ்க் படிக்கவில்லை. மூன்றிலும் கீறல் லேபிள் பக்கம். சிடியில் தகவல் அடுக்கு லேபிளுக்கு ஒட்டியபடி கீழே இருக்கிறது, அதனால் அந்தப் பக்கக் கீறல்தான் ஆபத்து. நான் இத்தனை நாள் மறுபக்கத்தைத்தான் பொத்திப் பொத்திப் பாதுகாத்தேன்.

எந்த மென்பொருள் என்று கேட்பீர்கள். எது வேண்டுமானாலும் சரி, சி.எஸ்.வி. ஃபைலாக வெளியே எடுக்க முடிய வேண்டும். கேம் கடை மூடுகிறதே என்று பட்டியல் போட்டுவிட்டு, பட்டியல் வைத்திருக்கும் கடை மூடினால் வேடிக்கையாகிவிடும்.

இதெல்லாம் ரொம்ப ஓவர் என்று தோன்றினால் ஒரு செய்தி. பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவை எழுதிய ஜோர்டான் மெக்னரிடமே அதன் அசல் ஆப்பிள் 2 சோர்ஸ் கோடு கையில் இல்லாமல் போயிருந்தது. 2012-ல் அவர் அப்பா ஒரு பெட்டியில் பழைய ஃபிளாப்பிகளைக் கண்டெடுத்தார், கோடு மீண்டது. எழுதியவருக்கே அந்த நிலை.

அண்ணன் கேசட் விஷயம் என்ன ஆயிற்று? கேசட்டின் ஸ்க்ரூவுக்குத் தனி ஸ்க்ரூடிரைவர் வேண்டும். அதை வரவழைத்துத் திறந்து, தெருமுனை மொபைல் சர்வீஸ் கடையில் புது பேட்டரியைப் பற்றவைத்து வாங்கினேன். ஊருக்குக் கிளம்பும் வரைக்கும் அண்ணன் மகள் கேம்பாயைக் கீழே வைக்கவில்லை. அப்பா மாதிரியே அவளும் சிண்டாகுவிலைத்தான் எடுத்தாள்.

பட்டியலில் இப்போது அந்த வரி இப்படி இருக்கிறது: "எண் 17. பேட்டரி மாற்றியது. சேவ்: அண்ணன் மகளுடையது, நகல் எடுத்தாயிற்று. பழைய சேவ்: இல்லை."